பெர்லின் டெக்னோ நாட்குறிப்பு: வியாழன் முதல் திங்கள் வரை

வியாழன்

பெர்லினுக்கு டெக்னோ என்ற மின்னணு நடன இசை கேட்க வருகிறவர்களில் பலர் சனிக்கிழமை மாலை விமானத்தைவிட்டு இறங்கி, அன்றிரவு பன்னிரண்டு மணிக்கே கிளப் வரிசையில் போய் நிற்கிறார்கள். பயண அலுப்பு ஒரு பக்கம், பசி ஒரு பக்கம், இரண்டு மணிநேரம் குளிரில் நின்ற கால்வலி ஒரு பக்கம். உள்ளே போன சற்று நேரத்திலேயே உட்கார இடம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இசை அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். ஞாயிறு இரவு விமானத்தைப் பிடிக்கவேண்டும் என்பதால் ஞாயிறு பகலும் கைவிட்டுப் போகும். இந்த ஊர் கிளப்புகளின் உயிரே அந்த ஞாயிறு பகலில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பயணத்தை வியாழனில் தொடங்கித் திங்களில் முடிக்கச் சொல்கிறோம்.

இங்கே கிளப்பை இத்தனை மணிக்கு மூடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1949-இல் மேற்கு பெர்லினில் ஹைன்ஸ் செல்லர்மயர் என்ற விடுதிக்காரர் அமெரிக்க ராணுவ நிர்வாகத்திடம் பேசி, மதுக்கூடங்களுக்கு இருந்த இரவு மூடல் நேரத்தை எடுக்கவைத்தார். நாற்பது ஆண்டு கழித்துச் சுவர் விழுந்தது. கிழக்குப் பகுதியில் யாருக்குச் சொந்தம் என்றே தெளிவில்லாமல் நிலவறைகளும் தொழிற்கூடங்களும் காலியாகக் கிடந்தன. நேரக்கட்டுப்பாடு இல்லாத ஊர், வாடகை கேட்க ஆளில்லாத கட்டடம், அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து வந்து சேர்ந்த புது இசை: மூன்றும் ஒரே சமயத்தில் கூடியதால் உருவானதுதான் இன்றைய பெர்லின் கிளப் வாழ்க்கை. 2024-இல் ஜெர்மனி தன் நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பெர்லின் டெக்னோவையும் சேர்த்துக்கொண்டது.

இன்று செய்யவேண்டிய வேலைகள் எல்லாம் சின்னச் சின்னவை. ஆனால் ஒன்றை விட்டாலும் நாளை இரவு கடிக்கும்.

தங்கும் இடத்தை அலெக்ஸாண்டர்பிளாட்ஸுக்கும் ஓஸ்ட்குரொய்ஸுக்கும் இடைப்பட்ட எஸ்-பான் (நகர ரயில்) நிலையம் ஒன்றின் பக்கமாகவோ, யு8 பாதாள ரயில் வழியிலோ எடுத்தால் பாதி அலைச்சல் மிச்சம். வெள்ளி இரவும் சனி இரவும் ரயில்கள் விடிய விடிய ஓடும். யு-பான் என்ற பாதாள ரயில் கால் மணிக்கு ஒன்று, எஸ்-பான் பெரும்பாலும் அரை மணிக்கு ஒன்று. ஞாயிறு இரவு அப்படி இல்லை. நள்ளிரவுக்குப் பின் ரயில் நின்றுவிடும், 'என்' என்ற எழுத்தோடு தொடங்கும் இரவுப் பேருந்துகள்தான் ஓடும். நகரத்துக்குள் சுற்ற ஏபி மண்டலத்துக்கான 24 மணிநேரச் சீட்டு போதும். காகிதச் சீட்டு வாங்கினால் நடைமேடையில் இருக்கும் சிறு பெட்டியில் செருகி முத்திரை குத்தவேண்டும். குத்தாத சீட்டும் சீட்டில்லாத பயணமும் பரிசோதகருக்கு ஒன்றுதான், அபராதம் 60 யூரோ.

ரொக்கமாக ஆளுக்கு 60 முதல் 80 யூரோ வரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கிளப்புகளில் நுழைவுக்கட்டணம் சுமார் 20 முதல் 30 யூரோ. கோட்டு, பை வைக்க இரண்டு மூன்று யூரோ தனியாக. உள்ளே வாங்கும் கண்ணாடிப் பாட்டிலுக்கும் குவளைக்கும் பல இடங்களில் முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு கைக்கு வரும். வங்கி அட்டையை ஏற்கிற இடங்கள் கூடிவிட்டன என்றாலும், அதை மட்டும் நம்பி வாசலுக்குப் போவது சரியல்ல. அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். அலைபேசியில் இருக்கும் படத்தை வாசலில் ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ணாதீர்கள்.

அடுத்தது காது. இதில் யாரும் அலட்சியமாக இருக்கக்கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணிநேரம் வரை காது தாங்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்: 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு, 94-இல் ஒன்று, 97-இல் அரைமணி, 100-இல் வெறும் கால் மணி. ஜெர்மனியில் பார்வையாளர் காதுக்கான தரநிலை, அரைமணிநேரச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அதாவது விதிப்படி நடக்கிற கிளப்பிலும் வெறுங்காதோடு இருபது நிமிடத்துக்குமேல் நிற்பது ஆபத்து. 15 டெசிபல் குறைக்கும் ஈயர்பிளக் ஒழுங்காகப் பொருந்தியிருந்தால் 99 என்பது 84 ஆகிவிடும். ஓர் இரவு முழுக்கத் தாங்கும் அளவு அது.

மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற மஞ்சள் ஈயர்பிளக் பாதுகாப்பில் குறைந்ததில்லை. ஆனால் மேல் ஸ்தாயியை அதிகமாக வெட்டிவிடும், ஹைஹேட் என்ற தாளத்தட்டின் ஒலியும் குரலும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்துச் செய்த சிலிக்கோன் பிளக் எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். பஞ்சு வகைதான் கைவசம் என்றால் இப்படிப் போடுங்கள்: விரல்களுக்கிடையே மெல்லிய குச்சியாக உருட்டி, எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, விரலை எடுக்காமல் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். அது விரிந்து அடைத்துக்கொள்ளும். இழுக்காமல் சும்மா செருகினால் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பயன் இல்லை. உள்ளே போகும் முன்பே போட்டுவிடுங்கள். சத்தத்தில் பத்து நிமிடம் இருந்துவிட்டால் காது மரத்துப்போய், 'இது அவ்வளவு சத்தம் இல்லையே' என்று தோன்ற ஆரம்பிக்கும்.

காலணி மூடியதாக, அடித்தோல் தடித்ததாக இருக்கட்டும். தரை காங்கிரீட், நடு இரவுக்குப்பின் கண்ணாடிச் சில்லுகளும் கிடக்கும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி.

வெள்ளி

இன்று டிரெசோர் என்ற கிளப். யு8-இல் ஹைன்ரிஷ்-ஹைனே-ஸ்ட்ராஸே நிலையத்தில் இறங்கி, கோபனிக்கர் ஸ்ட்ராஸே வழியாகக் கொஞ்சம் நடந்தால் பிரம்மாண்டமான ஒரு கட்டடம் தெரியும். 1960-களில் நகரத்துக்கு வெந்நீரும் மின்சாரமும் கொடுத்த வெப்ப மின்நிலையம் அது.

டிரெசோர் தொடங்கியது இங்கே இல்லை. 1991-இல் லைப்சிகர் ஸ்ட்ராஸேயில், போருக்குமுன் வெர்ட்ஹைம் பல்பொருள் மாளிகைக்குச் சொந்தமாயிருந்த பாதாளப் பெட்டக அறையில் டிமிட்ரி ஹேகமானும் கூட்டாளிகளும் ஆரம்பித்தார்கள். நிலம் விற்கப்பட்டதும் 2005-இல் மூடவேண்டியதாயிற்று. 2007-இல் இந்த மின்நிலையத்துக்குக் குடிவந்தது. வரும்போது பழைய அறையின் துருப்பிடித்த பெட்டகங்களையும் இரும்புக் கம்பிகளையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். டிரெசோருக்கென்று ஓர் இசைத்தட்டு நிறுவனமும் உண்டு. அதன் முதல் வெளியீடு டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவுடையது. அந்தக் குழுவின் ஜெஃப் மில்ஸும் மைக் பேங்க்ஸும் ராபர்ட் ஹூடும் அங்கே உருவாக்கிய இசைக்கு முதலில் ஒரு வீடு கொடுத்த இடங்களில் இதுவும் ஒன்று. இந்தத் தொடர்பு தெரிந்து உள்ளே போனால் காதில் விழுவதே வேறு.

இரவு பதினொன்றுக்குக் கதவு திறந்ததும் ஓடிப்போவதில் பொருளில்லை. மாலை ஏழுக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, எட்டிலிருந்து பன்னிரண்டுவரை தூங்கி எழுந்து, ஒரு மணிவாக்கில் கிளம்புங்கள். கிளப்-மாட்டே என்ற காஃபீன் பானம் எங்கும் கிடைக்கும். அரை லிட்டர் பாட்டிலில் 100 மில்லிகிராம் காஃபீன், திடமான ஒரு காபி அளவு. அதில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணிநேரம் ஆகும் என்பதால், தூங்கப்போகிற நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கடைசிப் பாட்டிலை நிறுத்துங்கள்.

கோட்டைக் கொடுத்துவிட்டு, நீண்ட சுரங்கவழி ஒன்றின் வழியாகக் கீழே இறங்கினால் பழைய கம்பிகளும் பெட்டகங்களும் இருக்கும் அறை. தாழ்ந்த கூரை, நெஞ்சுயரத்துக்குப் புகை, இடைவிடாமல் மின்னி அணையும் ஸ்ட்ரோப் வெளிச்சம். வலிப்பு நோய் உள்ளவர்கள் இந்த அறையைத் தவிர்த்துவிட்டு மேலே குளோபஸ் தளத்துக்குப் போகவேண்டும். அங்கே ஹவுஸ் என்ற மற்றொரு நடன இசை கூடுதல், வெளிச்சம் மென்மையானது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக அவசரகால வழி எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புகை ஏறியபின் தேடினால் கண்ணில் படாது.

எங்கே நிற்பது? புதிதாக வருகிறவர்கள் நேரே டிஜே முகத்துக்கு எதிரே போய் நிற்பார்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரை ஒட்டி நிற்பார்கள். இரண்டுமே நல்ல இடமல்ல. மேல் ஸ்தாயி ஒளிக்கற்றைபோல் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே பாயும், அந்த வழியில் நின்றால் காதுதான் போகும். பேஸ் என்ற கீழ்ஸ்தாயி ஒலி அப்படியில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம். அது சுவரில் மோதித் திரும்பி, வருகிற அலையோடு சேரும்போது சில இடத்தில் குவியும், சில இடத்தில் மறையும். செவ்வக அறையில் சுவரோரமும் மூலையும் பேஸ் குவியும் இடங்கள். நட்ட நடுவில் சில ஸ்வரங்கள் மெலிந்துவிடும். ஆகவே இரண்டு பக்க ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில், அறையின் நடுவிலிருந்து இரண்டு மூன்று எட்டு பின்தள்ளி நின்று பாருங்கள். பிறகு அரை மீட்டர் அப்படி இப்படி நகர்ந்தால், கிக் டிரம் என்ற கனத்த முரசடி வயிற்றில் உருண்டையாக விழுகிற ஓர் இடம் அகப்படும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேட்பது. நிமிடத்துக்கு 130 தாள அடி என்றால் ஒரு கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் நடுவே அரை விநாடிகூட இல்லை. நாலு அடி ஒரு பார். எட்டு பார் சேர்ந்தால் 32 அடி, ஏறத்தாழ 15 விநாடி. மாற்றங்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த 32-இன் விளிம்பில்தான் வரும். அதை மனசுக்குள் எண்ணப் பழகிவிட்டால் டிஜே அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பது முன்கூட்டியே புலப்படும். ஓர் இசைத்தட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் ஒரு கலவையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் இரண்டாவது தட்டின் ஹைஹேட் மட்டும், இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் உள்ளே ஊறும். அதன் பேஸ் குமிழ் அப்போது முழுக்க மூடியிருக்கும். காரணம், இரண்டு கிக் டிரம்மும் இரண்டு பேஸும் ஒரே நேரத்தில் ஒலித்தால் கீழ்ஸ்தாயி சேறாகிவிடும். இரண்டின் தாளமும் கொஞ்சம் விலகினால்கூட குதிரை ஓடுகிற சத்தம் வரும். 32 அடியின் முடிவில், ஒரே கையசைவில் பழைய தட்டின் பேஸ் மூடி, புதியதன் பேஸ் திறக்கும். ஆடுகிறவர்கள் யாருக்கும் தட்டு மாறியது தெரியாது. ஆனால் அறை முழுக்க ஒரே நொடியில் வேறொரு எடையில் ஆடத் தொடங்கியிருக்கும். அந்த ஒரு நொடிக்காகவே நேரில் வரவேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். வீட்டு ஸ்பீக்கரில் எவ்வளவு நல்ல பதிவைக் கேட்டாலும் இது கிடைக்காது.

தண்ணீர் விஷயம். ஆடிக்கொண்டிருந்தால் மணிக்கு அரை லிட்டர், சும்மா நின்றால் கால் லிட்டர், சிறுகச் சிறுக. ஒரேயடியாக லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். பெர்லின் குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். உங்கள் குவளையைக் கண்ணில்படாத இடத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வைத்துவிட்டால் கொட்டிவிட்டு வேறு வாங்குங்கள். யாராவது சுவரில் சாய்ந்து எழுப்பியும் எழாமல் இருந்தால் உடனே பார்காரரிடமோ பாதுகாவலரிடமோ சொல்லவேண்டும். அவசர ஊர்தி எண் 112. பல கிளப்புகளில் அவேர்னஸ் குழு என்று ஒன்று இருக்கும். தொல்லை தருகிறவர்களைப் பற்றிச் சொல்லவும், கொஞ்ச நேரம் அமைதியாக உட்காரவும் அவர்களிடம் போகலாம்.

ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

சனி

மதியம்வரை தூக்கம். எழுந்ததும் காதைக் கவனியுங்கள். லேசான ரீங்காரம் இருந்தால் நேற்று பிளக் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். இன்று முழுக்கக் காதுக்கு ஓய்வு கொடுங்கள், ஹெட்ஃபோன்கூட வேண்டாம். ஒரு நாள் தாண்டியும் ரீங்காரம் போகவில்லை, அல்லது ஒரு காது மட்டும் அடைத்தாற்போல் இருக்கிறது என்றால் காது மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பார்க்கவேண்டும்.

காது தெளிவாக இருந்தால் ஹார்ட் வாக்ஸ் இசைத்தட்டுக் கடைக்கு ஒரு நடை. மார்க் எர்னஸ்டஸ் 1989-இல் தொடங்கிய கடை. பெர்லின் டிஜேக்களில் பலர் அங்கே தட்டு விற்றவர்கள், அல்லது அங்கே தட்டு வாங்கி வளர்ந்தவர்கள். தட்டுகளுக்கு அவர்கள் எழுதும் ஒற்றை வரிக் குறிப்பு பிரசித்தம். நாலைந்து சொல்லில் அந்தத் தட்டின் குணத்தைச் சொல்லிவிடுவார்கள். கேட்டுப் பார்க்கும்போது முள்ளை மெதுவாக இறக்குங்கள், தட்டை விளிம்பில் பிடியுங்கள், அதன் முகத்தில் விரல் படக்கூடாது. பத்துத் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு மணிநேரம் கருவியை அடைத்துக்கொள்வது மரியாதை இல்லை.

மாலையில், நாளை போகப்போகும் பெர்க்ஹைன் கிளப்பின் லைன்அப்பை, அதாவது வாசிப்பவர்களின் பட்டியலை, எடுத்துவைத்துப் படியுங்கள். பட்டியலில் இருக்கும் பெயர்களில் நாலைந்தையாவது கேட்டு, எவர் எந்தத் தளத்தில் வாசிக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். வாசலில் 'இன்றைக்கு யார் வாசிக்கிறார்கள்?' என்று கேட்டால் பதில் சொல்ல இது உதவும். அதைவிட முக்கியமாக, எந்த மணிக்கு உள்ளே இருக்கவேண்டும் என்று முடிவுசெய்ய உதவும்.

இன்றிரவு வெளியே போகவேண்டாம். இது பலருக்குக் கசப்பான யோசனைதான். பெர்க்ஹைனின் வார இறுதி நிகழ்ச்சி சனி நள்ளிரவு தொடங்கித் திங்கள் காலைவரை போகும். சனி நள்ளிரவிலிருந்து நாலு மணிவரை வரிசை உச்சத்தில் இருக்கும், சுற்றுலாக் கூட்டமும் அப்போதுதான். காலையில் வரிசை தேயும், ஞாயிறு பிற்பகலில் மறுபடி வளரும். பத்து மணிக்குப் படுத்துக் காலை ஆறுக்கு எழுகிறவர், வரிசையிலும் குறைவாக நிற்பார், உள்ளே இரண்டு மடங்கு நேரமும் தாங்குவார்.

ஞாயிறு

நவம்பரில் ஏழரை வாக்கில்தான் வெளிச்சம் வரும். முட்டை, ரொட்டி, வாழைப்பழம் என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எஸ்-பானில் ஓஸ்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் பல்பொருள் அங்காடிகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை மட்டும் விதிவிலக்கு. தண்ணீரும் பழமும் அங்கேயே வாங்கிவிடலாம். நிலையத்திலிருந்து கிளப்புக்குப் பத்து நிமிட நடை.

கட்டடம் 1950-களில் கிழக்கு ஜெர்மனி கட்டிய வெப்ப மின்நிலையம். 2004-இல் பெர்க்ஹைன் இங்கே திறந்தது. க்ரொய்ட்ஸ்பெர்க், ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹைன் என்ற இரண்டு பக்கத்துப் பகுதிகளின் பெயரிலிருந்து பாதி பாதி எடுத்து வைத்த பெயர். அதற்குமுன் 1998 முதல் 2003 வரை இதே ஆட்கள் ஓஸ்ட்குட் என்ற கிளப்பை நடத்தினார்கள். ஓரினச்சேர்க்கை ஆண்களின் கொண்டாட்டங்களிலிருந்து வளர்ந்தது அது. இந்தப் பின்னணி தெரியாமல் வாசலையும் விதிகளையும் புரிந்துகொள்ள முடியாது.

வாசல்காரர்கள் யாரை உள்ளே விடுகிறார்கள், யாரை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. கறுப்பு உடை போட்டால் போதும் என்பது கட்டுக்கதை. ஆனால் எது கெடுக்கும் என்பது ஓரளவு தெரியும். ஆறேழு பேராகக் கூட்டமாக வருவது, வரிசையில் சத்தம் போடுவது, கண் சொருகும் அளவுக்குக் குடித்திருப்பது, அலைபேசியில் வரிசையைப் படம் எடுப்பது, வாசலை நெருங்கியபின்னும் திரையைப் பார்த்துக்கொண்டே நிற்பது. இரண்டு பேராகப் போங்கள், அல்லது தனியாக. கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். எத்தனை பேர் என்று ஜெர்மனில் கேட்டால் 'ஸ்வை' (இரண்டு) என்றோ விரலைக் காட்டியோ சொன்னால் போதும். நடிக்கவேண்டாம். வாசலில் நிற்கிறவர்கள் ஆண்டுக்கணக்கில் முகங்களைப் படித்துப் பழகியவர்கள். அவர்களில் பேர்பெற்றவரான ஸ்வென் மார்குவார்ட் தொழில்முறைப் புகைப்படக்காரரும்கூட. தலையை ஆட்டி இல்லை என்றால் காரணம் கேட்காமல் நகர்ந்துவிடுங்கள், வாதாடி உள்ளே போக வழியில்லை. அந்த ஏமாற்றம் வலிக்கத்தான் செய்யும். அதற்காகவே மாற்றுத்திட்டம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ஓஸ்ட்குரொய்ஸ் பக்கம் அபவுட் பிளாங்க், ரும்மல்ஸ்பூர்க் பக்கம் பழைய நாய் பிஸ்கட் ஆலையில் இருக்கும் சிஸிஃபோஸ் இரண்டும் ஞாயிறு பகலில் நடக்கிறதா என்று நேற்றே பார்த்து வைத்திருக்கவேண்டும்.

உள்ளே விட்டதும் பை சோதனை, பிறகு அலைபேசியின் முன் கேமராவிலும் பின் கேமராவிலும் ஒட்டுத்தாள். அதை உரித்துப் படம் எடுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வெளியில் தன்னை மறைத்து வாழ்கிறவர்கள், உடம்பைப் பற்றிய கூச்சம் இல்லாமல் ஆட வந்தவர்கள், வேலையிடத்தில் வேறு முகம் காட்டவேண்டியவர்கள் எல்லோரும் இந்த ஒட்டுத்தாளை நம்பித்தான் உள்ளே இருக்கிறார்கள். படம் எடுக்க முடியாததால் டிஜேயை நோக்கி உயர்ந்த கைகளும் வெளிச்சத் திரைகளும் இல்லை. கூட்டம் ஒருவரையொருவர் பார்த்து ஆடுகிறது. இந்த ஒரு விதியை எல்லா ஊர் கிளப்புகளும் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று மனதார விரும்புகிறோம்.

சில மூலைகளில் இருட்டறைகள் இருக்கும். அங்கே நடப்பது அங்கிருப்பவர்களின் சம்மதத்தோடு நடப்பது. உங்களுக்கு அதில் நாட்டமில்லை என்றால் எட்டிப்பார்க்காமல் கடந்துவிடுங்கள். யாரையும் தொடும்முன் கேட்கவேண்டும். இல்லை என்றால் இல்லைதான்.

இரும்புப் படிக்கட்டேறி முதன்மைத் தளத்துக்கு வந்தால் கூரை 18 மீட்டர் உயரம். டிரெசோரின் தாழ்ந்த அறைக்கு நேர் எதிர். இவ்வளவு உயரமான காங்கிரீட் அறையில் ஒலி எதிரொலித்துக் குழம்பித்தான் போகவேண்டும். குழம்பாமல் இருப்பதற்குக் காரணம், ஆடும் தளத்தைச் சுற்றிலும் ஸ்பீக்கர் கோபுரங்களை வைத்து ஒலியை உள்நோக்கி, மனிதர்கள் மேலேயே விழும்படி திருப்பியிருப்பது. உடம்புகள் மேல் ஸ்தாயியை உறிஞ்சிக்கொள்ளும். தளம் நிரம்ப நிரம்ப ஒலி தெளிவது அதனால்தான். கோபுரங்களுக்கு நடுவே நின்று ஆடிவிட்டு அவற்றைத் தாண்டிப் பத்தடி வெளியே வந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள், ஒலியமைப்பு என்றால் என்னவென்று அதுவே சொல்லிக்கொடுத்துவிடும்.

மேலே பனோரமா பார். ஹவுஸ் இசை, சற்று வெதுவெதுப்பான ஒலி, பக்கத்தில் பெரிய சன்னல்கள். சன்னல் தடுப்புகள் பகல் முழுக்க மூடியிருக்கும். பாட்டின் உச்சத்தில், விளக்கை இயக்குகிறவர் சட்டென்று அவற்றைத் திறப்பார். நண்பகல் வெயில் புகைக்குள் பட்டை பட்டையாக இறங்கி, வியர்த்த முகங்கள் எல்லாம் ஒரு கணம் தெரியும். கூட்டம் கத்தும், சில விநாடியில் மறுபடி மூடிவிடும். இரவில் வந்துபோகிறவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

நேரத்தைப் பிரித்துக்கொள்வதுதான் இங்கே பெரிய கலை. ஒரு மணிநேரம் ஆடினால் கால்மணி உட்காருங்கள். நாலு மணிநேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுங்கள், உப்புள்ளதாக இருந்தால் நல்லது. வியர்த்த காலுறையை மாற்றுங்கள். களைத்துவிட்டால் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே போய்த் தூங்கிவிட்டுத் திரும்பி வரலாமா என்பதைக் காசு வாங்குமிடத்தில் நுழையும்போதே கேட்டுவிடவேண்டும், கிளப்புக்குக் கிளப் விதி வேறு. ஞாயிறு மாலைக்குமேல் வருகிற கடைசி செட்டுகள் நீளமானவை. ஒரே டிஜே பல மணிநேரம் வாசிப்பார். ஒன்றரை மணிநேரத்தில் உச்சத்தைக் காட்டிவிட்டு இறங்கவேண்டிய அவசரம் இல்லாததால், வேகத்தைக் குறைத்து, யாரும் எதிர்பாராத பழைய தட்டை எடுத்து, மறுபடி கட்டியெழுப்ப அவருக்கு இடம் இருக்கும். தெளிந்த மனசோடு கேட்கவேண்டியது இந்தப் பகுதிதான்.

2016-இல் ஜெர்மன் நிதிநீதிமன்றம் ஒன்று பெர்க்ஹைனின் நிகழ்ச்சிகளைக் கச்சேரிகளுக்கு நிகரானவை என்று ஏற்றது. அதனால் நுழைவுக் கட்டணத்துக்கு 19 விழுக்காட்டுக்குப் பதில் 7 விழுக்காடு வரி. மக்கள் வருவது இசைக்காகவா என்பதுதான் அங்கே எடைபோடப்பட்ட கேள்வி. இந்தக் கடைசி செட்டை ஒருமுறை முழுசாகக் கேட்டவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது.

திங்கள்

அதிகாலையில் வெளியே வரும்போது செய்யவேண்டியவை: கோட்டு, பாஸ்போர்ட், சாவி மூன்றும் இருக்கிறதா என்று வாசலைத் தாண்டும் முன்பே பாருங்கள். வியர்த்த உடம்போடு பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும் குளிரில் இறங்குகிறீர்கள், உலர்ந்த பனியனை மாற்றிக்கொண்டு கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டு நடங்கள். கேமராவின் ஒட்டுத்தாளை ஆல்கஹால் துடைப்பானால் துடைத்தால் பசை போய்விடும்.

கிளப்புகளுக்கு இந்த ஊரில் நல்ல காலம் என்று சொல்லமுடியாது. ஆற்றோரக் கிளப்பான வாட்டர்கேட் இருபது ஆண்டுக்குமேல் ஓடி 2024 கடைசியோடு மூடிவிட்டது. ஏ100 நெடுஞ்சாலையை நீட்டும் திட்டம் நிறைவேறினால் ஓஸ்ட்குரொய்ஸ் பக்கத்துக் கிளப்புகள் பல இடம் இழக்கும், அபவுட் பிளாங்க் அவற்றில் ஒன்று. 2021-இல் ஜெர்மன் நாடாளுமன்றம் கிளப்புகளைப் பண்பாட்டு இடங்களாகக் கருதவேண்டும் என்று தீர்மானம் போட்டது நல்ல சேதிதான், ஆனால் ஏறுகிற வாடகையைத் தீர்மானம் கட்டாது. போகவேண்டும் என்று நினைக்கிறவர்கள் தள்ளிப்போடாமல் போங்கள். போகும்போது பெரிய பெயர்களோடு நிறுத்தாமல், இருநூறு பேர் கொள்ளும் சின்ன இடம் ஒன்றிலும் ஓர் இரவுக்கு நுழைவுக்கட்டணம் கொடுங்கள்.

விமானத்தைத் திங்கள் மாலைக்கோ செவ்வாய்க்கோ போட்டிருந்தால் நடுவே ஆறு மணிநேரம் தூங்கலாம். ஓஸ்ட்பான்ஹோஃப் நிலையத்திலிருந்து எஸ்9 ரயில் நேரே விமான நிலையத்துக்குப் போகும். ஆனால் விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. கையில் இருக்கும் ஏபி சீட்டு செல்லாது. ஏபிசி சீட்டு வாங்குங்கள், அல்லது நீட்டிப்புச் சீட்டு ஒன்றைக் கூடுதலாக வாங்கி முத்திரை குத்துங்கள். தூக்கக் கலக்கத்தில் 60 யூரோ அபராதம் கட்டுகிறவர்கள் இந்த வழித்தடத்தில் நிறைய.